தேதி போடாத மனு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும், எனக்கு முதலில் வேண்டியது அதுதான். இங்கே மூவரும் நலம் என்று வழக்கம்போல எழுதி முடித்துவிடலாம், ஆனால் போனில் என் தொண்டைக் கரகரப்பை வைத்தே என்னப்பா விஷயம் என்று கேட்கிறவள் நீ, அதனால் உள்ளதை உள்ளபடி எழுதிவிடுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடி ஏறும்போது மட்டும் படிக்கு ஒரு தடவை என்னைத் திட்டுகிறாள், இந்த வீட்டைப் பார்த்துப் பிடித்தவன் நான்தானே. குளியலறைக் குழாய் ஒழுகுகிறது, அடியில் வாளி வைத்திருக்கிறோம். குழந்தைக்குப் பல் முளைத்த போட்டோவை அம்மா அக்கம்பக்கத்தில் ஒருவர் விடாமல் காட்டிவிட்டாள், எதிர் வீட்டுக்காரர் இரண்டு தடவை பார்த்துவிட்டார், பாவம்.

வேலையை விட்டுவிட்டு நிம்மதியாக இருங்களேன் என்று நீ ஒவ்வொரு தடவையும் சொல்கிறாய். எனக்கு மட்டும் ஆசை இல்லையா? பிரிவுபசார விழா நடத்தி, கைக்கடிகாரம் கொடுத்து அனுப்பியவர்கள் மறுவாரமே கூப்பிட்டார்கள். நான்கு வருஷமாக அந்தக் கடிகாரத்தையே கட்டிக்கொண்டு ஒன்பது மணிக்குப் போய் உட்காருகிறேன், ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டிப்பு உத்தரவு வந்துவிடுகிறது. எனக்கு முன்னும் பின்னும் ஓய்வு பெற்ற யாருடைய நாற்காலிக்கும் ஆள் போடவில்லை. பதிவறை, தபால் மேஜை, வருகிற மனுக்களுக்குப் பதில் எழுதுவது மூன்றும் என் தலையில்தான். பதிவறையில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்றுதான் வீட்டில் சொல்லியிருக்கிறேன், மூன்று வேலை என்று தெரிந்தால் அம்மா ஆபீசுக்கே வந்து சண்டை போடுவாள். உன் தம்பி படிப்பை முடித்து ஐந்து வருஷம் ஆகிறது. இஸ்திரி போட்ட சட்டையோடு இன்டர்வியூவுக்குப் போகிறான், சாயங்காலம் வந்து மடிப்புக் கலையாமல் அதைக் கழற்றி மாட்டுகிறான். எல்லா இடத்திலும் அனுபவம் கேட்கிறார்களாம், வேலையே கொடுக்காமல் அனுபவத்துக்கு எங்கே போவான்? இப்போதைக்கு வண்டியில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறான், அதுவும் அவர்கள் கூப்பிட்டால்தான் உண்டு. அவனுக்கு ஒரு வழி பிறக்கும்வரை நான் விட முடியாது என்று நான் உட்கார்ந்திருக்கிறேன், என்னைப் போன்றவர்கள் விட்டால்தான் தனக்கு வழி பிறக்கும் என்று அவன் நினைக்கிறான். இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசாமல் சாப்பிடுகிறோம்.

போன மாதம் ஒரு நாள் தபாலைப் பிரித்தால், வேலை இல்லாத பிள்ளைகள் நாற்பது பேர் கையெழுத்துப் போட்ட மனு ஒன்று. வயது கடந்தவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அந்த இடங்களைப் படித்தவர்களுக்குக் கொடுங்கள் என்று கேட்டிருந்தார்கள். முதல் கையெழுத்து உன் தம்பியுடையது, எழுதியதும் அவன் கைதான், கீழே நம் வீட்டு முகவரி. சத்தியமாக எனக்குக் கோபம் வரவில்லை. நன்றாக எழுதியிருந்தான், ஒரு சொல் மரியாதைக் குறைவாக இல்லை. தேதி போட மட்டும் மறந்துவிட்டான். தேதி இல்லாத மனுவைத் திருப்பி அனுப்பிவிடலாம், விதியே இருக்கிறது, எனக்கும் தலைவலி விட்டிருக்கும். மனசு கேட்கவில்லை. அன்றைய தேதியை நானே எழுதி, முத்திரை குத்தி, எண் போட்டு மேலாளர் அம்மாவிடம் வைத்தேன். உன்னைவிட இரண்டு வயது சின்னவள் அவள். நான் போய்விடுகிறேன் அம்மா, என் இடத்திலாவது ஒரு பிள்ளையைப் போடுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். நீங்க போனா அந்த இடமே போயிடும் சார், ஆள் போட எனக்கு அதிகாரம் இல்ல, மேஜையைத் தூக்கிட்டுக் கதவைப் பூட்டிடுவாங்க என்றாள். பிறகு பதில் எழுதும்படி என்னிடமே கொடுத்தாள், வேறு யார் இருக்கிறார்கள்? காலியிடம் ஏதும் இல்லாததால் கோரிக்கையை ஏற்பதற்கில்லை என்று தட்டச்சு செய்தேன். எத்தனையோ வருஷமாக எழுதிய வரி, விரல் தானாகவே அடித்துவிடுகிறது. உங்கள் சிரமம் புரிகிறது என்று ஒரு வரி கூடுதலாகச் சேர்த்தேன், அப்படியெல்லாம் எழுதற வழக்கம் இல்லையே சார் என்று அவள் அதை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். உறையில் நம் வீட்டு முகவரியையும் நானே அடித்து ஒட்டினேன்.

வியாழக்கிழமை அது வீட்டுக்கு வந்தது. நின்றபடியே படித்தான். அப்புறம் ஒரு நாற்காலியை இழுத்து, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இதுக்கு மேல யாருக்குப்பா எழுதணும், உங்களுக்குத்தான் ஆபீஸ் விஷயமெல்லாம் தெரியுமே என்றான். மனுவைப் பற்றி அவனே அப்போதுதான் சொன்னான், உங்களைச் சொல்லலப்பா, பொதுவா எழுதினோம் என்று தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல, வெட்கம்கெட்ட சந்தோஷம். மேலதிகாரிக்கு எப்படி விளித்து எழுதுவது, எதை முதலில் சொல்வது என்று வரி வரியாகச் சொன்னேன், அவன் எழுதினான், நடுவில் இரண்டு தடவை சிரித்தும்விட்டான். மேலே போகிற மனு சுற்றிச் சுற்றி என் மேஜைக்குத்தான் வரும் என்று எனக்குத் தெரியும், சொல்ல வாய் வரவில்லை. கடைசியில் கையெழுத்துப் போடப் போகும்போது, இந்தத் தடவையாவது தேதி போட மறந்துடாதேடா என்றேன். பேனா அப்படியே நின்றுவிட்டது. முதல் மனுவில் தேதி இல்லாதது அதைப் பிரித்தவனுக்குத்தானே தெரியும். பதிலும் நீங்கதானாப்பா என்று மெதுவாகக் கேட்டான். தலையை ஆட்டினேன். அவன் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. தேதியைப் போட்டான், காகிதத்தை மடித்தான், என் ஆபீஸ் பையைத் திறந்து உள்ளே வைத்தான். தபால்ல எதுக்குப்பா, நீங்களே கொண்டு போயிடுங்க என்று சொல்லிவிட்டு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை தலைவலி என்று லீவு போட்டுவிட்டேன். இன்று ஞாயிறு, நாளை போயாக வேண்டும். பையில் அது அப்படியே இருக்கிறது. கொடுக்காமல் இருந்தால் என் பிள்ளைக்கு நான் துரோகம் செய்தவன், கொடுத்தால் மறுபடி இல்லை என்று நான்தான் அவனுக்கு எழுத வேண்டும். நீ படித்தவள், உனக்காவது ஏதாவது தோன்றுகிறதா? அவனிடம் போனில் பேசு, வேலையைப் பற்றி மட்டும் கேட்காதே. அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது, வாய் தவறிச் சொல்லிவிடாதே, தவறுவதற்கு நான் ஒருவன் போதும். குளிருக்குக் குழந்தையின் காதை மூடி வை. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், நினைத்தது நடந்து நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வழியும் தெரியாத
உன் அப்பா