வாலுக்குக் கீழே ஒரு சிவப்புக் கம்பி

அண்ணை,

உங்கள் பை இப்போது என் வீட்டு வாசலுக்குள், சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நேற்றிலிருந்து வீடு முழுவதும் விமான எண்ணெய் மணம். அதோடு முழங்காலுக்கு நீங்கள் பூசும் தைலத்தின் மணமும் சேர்ந்து கிடக்கிறது. ஜன்னலைத் திறந்தால் ஹம்பேர்க்கின் கார்த்திகை மாதப் பனிப்புகார் உள்ளே வருகிறதே தவிர, மணம் வெளியே போவதாக இல்லை. சமைக்கப் போனால் அங்கேயும் நீங்கள்தான்.

இதை உங்களுக்கு எழுதாமல் வேறு யாருக்கு எழுதுவது? சொன்னால் விளங்கிக்கொள்ளக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். நீங்களோ போய்விட்டீர்கள்.

நான் அந்தச் சின்ன விமானத்தளத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்த காலம். நீங்கள் அதிகாரி ஒருவரோடு ஓட்டை ஜெர்மனில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தீர்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சடாரென்று திரும்பிப் பார்த்தீர்கள்.

"என்ன தங்கச்சி, சிரிக்கிறீர்? யாழ்ப்பாணமோ?"

"ஓம் அண்ணை."

"நிறுக்கத் தெரியுமோ?"

"கூட்டுறவுச் சங்கக் கடையில அரிசி, சீனி நிறுத்திருக்கிறன்."

"அப்ப காணும். திங்கட்கிழமை வாரும்."

அதுதான் எனக்கு நடந்த நேர்முகத் தேர்வு. பப்புவா நியூகினியின் காட்டு மலைகளில் பாதி ஆயுளைப் பறந்து கழித்தவர் நீங்கள் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். அங்கே தெரு இல்லாத ஊர்களுக்கு உப்பும் மருந்தும் கொண்டுபோய், சரிவில் வெட்டிய புல்தரையில் இறக்குவீர்களாம். இங்கே வந்து, பழுதாகித் துறைமுகங்களில் நிற்கும் கப்பல்களுக்கு உதிரிப்பாகங்கள் கொண்டுபோகும் தொழிலைத் தொடங்கினீர்கள். கலியாண வீடுகளில் எங்கள் சனம் உங்களை "விமானக் கம்பனி முதலாளி" என்று அறிமுகப்படுத்தும். இருந்ததோ ஒரேயொரு விமானம், ஒரு கொட்டகை, நீங்கள், நான். முதலாளிதான் பெட்டி தூக்குவார், முதலாளிதான் பறப்பார்.

அந்தச் சனத்தோடுதான் உங்களுக்குத் தினமும் சண்டை. யாராவது எங்காவது புறப்பட்டால் அவர் கையில் ஒரு பொதி கொடுத்துவிடாமல் எங்களுக்கு இருக்க முடியாது. "அண்ணை போறார்தானே, இதையும் ஒருக்கா மகளிட்டக் குடுத்துவிடுங்கோ" என்று கறிவேப்பிலை வரும், மிளகாய்த்தூள் வரும், பலகாரம் வரும். உங்களைக் கேட்டால் மறுப்பீர்கள் என்று தெரிந்தவர்கள் கேட்காமலே பின்னுக்குச் செருகிவிட்டுப் போவார்கள். அன்பாகக் கொடுப்பதைத் தராசில் வைப்பது மரியாதையில்லை என்பது அவர்கள் எண்ணம். நீங்கள் எல்லாவற்றையும் இழுத்து வெளியே போடுவீர்கள். வெள்ளைக்காரனைவிட மோசம் என்று பேர் வாங்கினீர்கள்.

பாரம் ஏற்றும்போது பின்பக்கம் சாய்ந்துவிடாமல் வாலுக்குக் கீழே முட்டுக் கொடுக்கிற அந்தச் சிவப்புக் கம்பிதான் உங்களுக்கு வேதம். ஏற்றி முடிந்ததும் அது ஒற்றைக் கையால் இழுத்தாலே கழன்று வரவேண்டும். இறுகி நின்றால் பின்னுக்குப் பாரம் கூட, பறக்கக்கூடாது. காகிதத்தில் கணக்குச் சரியாக இருந்தாலும் அசையமாட்டீர்கள். விமானி ஏறி முன்னால் உட்கார்ந்தால் வால் கொஞ்சம் எழும்பும், கம்பி கழன்றுவிடும். அதையும் ஒத்துக்கொள்ளமாட்டீர்கள்.

ஏனென்று ஒரே ஒரு தடவைதான் சொன்னீர்கள். என் வீட்டில் வத்தாளங்கிழங்கு அவித்து வைத்திருந்தேன். நீங்கள் தட்டை மெல்லத் தள்ளி வைத்தீர்கள். எனக்குக் கோபம்.

"என்ன அண்ணை, என்ர சமையல் ஏலாதோ?"

கிழங்கை ஒரு துணியால் மூடினீர்கள். பிறகு சொன்னீர்கள். பப்புவாவில் உங்களோடு பறந்த இளம் விமானி ஒருவன். ஒரு மலைக்கிராமத்துச் சனத்துக்கு அவன்மீது உயிர். அவன் புறப்படும்போது, அவனுக்குத் தெரியாமல் வால்பக்கத்தில் வத்தாளங்கிழங்குச் சாக்குகளை அடுக்கிவிட்டார்கள். கம்பி இறுகி நின்றது. அவன் சிரித்துக்கொண்டு, "நான் ஏறி இருந்தாச் சரிவரும்" என்றானாம். ஏறினான், கம்பி கழன்றது. நீங்கள் தரையில் நின்று பார்த்தீர்கள். விமானத்தின் மூக்கு மேலே போனது. இன்னும் மேலே போனது. இறக்க அவனால் முடியவில்லை. மலைச்சரிவெல்லாம் கிழங்கு சிதறிக் கிடந்தது என்றீர்கள். கையைக் கழுவிக்கொண்டு எழும்பினீர்கள்.

"தங்கச்சி, எரிச்சலில வைச்ச சாமான் கண்ணுக்குத் தெரியும். அன்பில வைச்சதுதான் ஒளிச்சிருக்கும்."

அதன்பிறகு நான் வத்தாளங்கிழங்கு வாங்குவதில்லை.

இந்த வருடம் வெயில் காலத்தில் நெஞ்சு நோவென்று ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். அத்தனை மலைகளைத் தாண்டிய மனிதர் ஒரு வெள்ளைக் கட்டிலில் குழாய்களோடு கிடந்ததை என்னால் பார்க்க முடியவில்லை. உங்கள் மகள் ஆரணி விமானி உரிமம் எடுத்தபோது ஊருக்கெல்லாம் சொக்லேட் கொடுத்தவர் நீங்கள். அந்தக் கட்டிலில் அவள் பேரைச் சொல்லிக் கண்ணை மூடினீர்கள். "பிள்ளை கணக்கைப் பாப்பாள். நீர் வாலைப் பாரும்." அதற்கு முன் எனக்கென்று விட்டுப்போன வார்த்தை அதுதான்.

நேற்றுத்தான் ஆரணி உங்கள் விமானத்தில் தனியாகப் புறப்பட்ட முதல் நாள். கடலோரத் துறைமுகம் ஒன்றில் கப்பல் காத்திருந்தது. காலையில் புகார், ஓடுபாதையின் மறுமுனை தெரியவில்லை. வழியனுப்ப உங்கள் மனைவி, எங்கள் அக்கா, வந்திருந்தார். மகளுக்குத் திருநீறு பூசினார். உள்ளே ஒரு பிள்ளையார் படம் ஒட்டிவிட்டு வருகிறேன் என்று ஏறினார். நான் அப்போது கொட்டகைக்குள் நிறுவைத் தாள்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

புகார் கொஞ்சம் விலகியது. ஆரணி பாரம் ஏற்றும் பின்கதவைச் சாத்தினாள். நான் கம்பியைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். நிலத்தில் முளைத்தது மாதிரி நின்றது.

"ஆரணி, கம்பி இறுகி நிக்குது."

"கணக்கெல்லாம் சரி அன்ரி. நானே ரெண்டுதரம் பாத்தனான்."

"பின்னுக்கு ஏதோ கிடக்குது, பிள்ளை."

"கப்பலுக்கு நேரம் குறிச்ச டெர்மின் இருக்கு. இன்னும் சுணங்கினால் திரும்பப் புகார் மூடியிடும்." அவள் சிரித்தாள். உங்கள் சிரிப்பு. "நான் ஏறி இருந்தாச் சரிவரும்."

அண்ணை, அதே வார்த்தை. அந்தக் கதையை நீங்கள் மகளுக்குச் சொல்லியிருக்கவில்லை என்று அந்த நொடியில்தான் தெரிந்தது. பறக்கப் போகிற பிள்ளையைப் பயமுறுத்தக்கூடாது என்று நினைத்தீர்களாக்கும். நான் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஈரத் தரையில் இருந்துவிட்டேன்.

"திறந்து காட்டு. அல்லது என்ர மேல ஏத்திக்கொண்டு போ."

"உங்களுக்கென்ன விசரே அன்ரி?" என்று கத்தினாள். கத்தியபடியே போய்ப் பின்கதவைத் திறந்தாள். பெட்டிகளுக்குப் பின்னால், வலைக்கு அப்பால், வாலோடு ஒட்டி, கம்பளியால் மூடி ஒன்று கிடந்தது. கம்பளியை இழுத்தாள்.

உங்கள் பை. சங்கிலி, திருகுசாவிகள், சில்லைத் தூக்கும் இரும்பு ஜாக்கி என்று காட்டில் விழுந்தாலும் பிழைக்கத் தேவையான அத்தனையும் அடைத்து, எப்போதும் முன்னால் உங்கள் பக்கத்து இருக்கையில் கட்டிவைத்துக்கொண்டு போவீர்களே, அந்தப் பை. தளத்தில் வேலை செய்யும் ஒருவரைக் கொண்டு அக்கா தூக்குவித்திருக்கிறார். முன்னால் வைத்தால் மகள் இறக்கிவிடுவாள் என்று பின்னால் ஒளித்திருக்கிறார்.

ஆரணி தாயைப் பார்த்தாள். அக்கா புகாருக்குள் கைகளைப் பிசைந்தபடி நின்றார்.

"தனியப் போறாள் பிள்ளை. அவர் கூடப் போகட்டும் எண்டுதான்..."

நாங்கள் இருவரும் சேர்ந்து இறக்கினோம். பை தரையைத் தொட்டபோது கம்பி தானாகச் சரிந்து விழுந்தது. ஆரணி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறினாள். ஓடினாள், எழும்பினாள், புகார் அவளை விழுங்கியது. சத்தம் மட்டும் கொஞ்சத் தூரம் கேட்டது.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "அவரை நீ இறக்கிப்போட்டாய், என்ன?" என்றார். கோபமாகக்கூட இல்லை. பையை வீட்டுக்குக் கொண்டுபோகமாட்டேன் என்று நடந்தார். அதனால்தான் அது இங்கே கிடக்கிறது.

ஆரணி பின்னேரம் பத்திரமாக வந்து இறங்கினாள். அவளுக்குக் கிழங்குக் கதையைச் சொன்னேன். தேத்தண்ணியைக் குடிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கதை முடிந்தது என்று நினைத்தேன்.

இன்று மத்தியானம் அக்கா போன் எடுத்தார். குரல் குழைந்திருந்தது.

"நாளைக்கும் பிள்ளை பறக்கிறாளாம். நான் வந்து வழியனுப்பட்டே?"

"வாங்கோ அக்கா" என்றேன். தாயை வராதே என்று சொல்ல எனக்கு ஏது வாய்? அன்பை அவர் விடப்போவதில்லை. உங்கள் பை இல்லாவிட்டால் வேறு ஏதாவது.

சிவப்புக் கம்பியை இன்றைக்குக் கொட்டகையில் விட்டுவர மனம் வரவில்லை, அண்ணை. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். சனம் ஒரு மாதிரிப் பார்த்தது. இப்போது உங்கள் பைக்குப் பக்கத்தில் சாத்தி வைத்திருக்கிறேன். காலையில் அக்கா வருவதற்கு முதல் நான் போய், இதை வாலுக்குக் கீழே முட்டுக் கொடுத்துவிடவேண்டும்.