அம்மா நடக்க ஒரு பாதை

ஆனி 9, திங்கள்

கச்சான் காற்று. பிரதேச சபைக் கந்தோர் ஜன்னலைத் திறந்தால் கடதாசி பறக்கிறது, மூடினால் நான் அவிந்துபோகிறேன். மூடினேன்.

உபவிதி வரைவு முடிந்தது! சபையில் தொழில்நுட்ப உத்தியோகத்தராகச் சேர்ந்த பிறகு முதல் எழுத்திலிருந்து கடைசி வரை நானே எழுதியது இது ஒன்றுதான். காணியைப் பிரிப்பவரும் விடுதி கட்டுபவரும் அனுமதி எடுக்கும்போது பூங்காக் கட்டணம் கட்ட வேண்டும். அந்தக் காசில் கடலோர நடைபாதை, பிள்ளைகளுக்கு விளையாட்டிடம்.

பெரிய நகரங்களில் பார்க்கிற கணக்கேதான். புதுக் கட்டடங்களால் எவ்வளவு சனம் கூடும், அந்தச் சனத்துக்கு எவ்வளவு பாதை கூடத் தேவை, அதற்கு என்ன செலவு, அதில் ஒரு கட்டடத்தின் பங்கு என்ன. அதற்கு மேல் ஒரு சதம் வாங்கக்கூடாது. வாங்கியதை வேறு எதற்கும் எடுக்கக்கூடாது. தனி வங்கிக் கணக்கு. சபைத் தவிசாளர் இரண்டு தரம் வாசித்துவிட்டு, "விளங்குது பிள்ளை" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு.

அம்மாவுக்குச் சீனி வருத்தம். தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார் டொக்டர். எங்கே நடப்பது? இன்றும் பிரதான வீதியில், ஒரு பக்கம் லொறி, மறுபக்கம் கழுதைகள். பாதி வழியில் திரும்பி வந்துவிட்டார். "இந்த ஊரில கழுதைக்குத்தான் ரோட்டு. எங்களுக்குத் தண்ணி ஓடுற கான்."

வாங்க: சீனி மருந்து, மெழுகுதிரி, தேங்காய்.

ஆனி 15, ஞாயிறு

பூசை. வெக்கை. சாமியார் கலியாண அறிவித்தல் வாசித்தார், மூன்று சோடி. மூன்றாவது பெண்ணின் தகப்பன் வளவைப் பிரிக்கப் போன கிழமைதான் கந்தோருக்கு வந்திருந்தார்; அவள் பெயர் வந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

சீதனம்!

இங்கே காணி பிரிவது விற்க மட்டுமா? மகளுக்குக் கலியாணம் என்றால் வளவைப் பிரித்து எழுதுகிறோம். என் வரைவின்படி அந்தத் தகப்பனும் பூங்காக் கட்டணம் கட்ட வேண்டும். வெளியூர் மாதிரியைப் பார்த்து எழுதியதில் வந்த வினை. கந்தோரில் இத்தனை பேர் வாசித்தோம், எல்லோர் வீட்டிலும் சீதனக் காணி இருக்கிறது, ஒருவருக்கும் படவில்லை.

நற்கருணைக்கு வரிசையில் நிற்கும்போதும் மனதுக்குள் வசனம் திருத்திக்கொண்டிருந்தேன். ஆண்டவர் பொறுத்துக்கொள்வார்.

ஆனி 16, திங்கள்

திருத்தியாயிற்று. பெற்றோர் பிள்ளைகளுக்கு எழுதும் காணிக்கும், அதில் அவர்கள் குடியிருக்கக் கட்டும் வீட்டுக்கும் கட்டணம் இல்லை. அதையே வெளியாளுக்கு விற்றாலோ, அதில் விடுதி கட்டினாலோ உண்டு. மத்தியானம் இரண்டு பிளேட் சோறு. கெட்டிக்காரிதான் நான்.

ஆனி 18, புதன்

கனடாவிலிருந்து அண்ணாவின் அழைப்பு. அப்பா எழுதிக் கொடுத்த காணியில் விடுதி கட்டப்போகிறார். எட்டு அறை. கட்டணச் செய்தி அதற்குள் அங்கே போய்விட்டது.

"பிள்ளை, அப்பான்ர காணிதானே. எனக்கும் சீதனம் எண்டு போட்டு விடன்."

"மாப்பிள்ளை ஆர் அண்ணா?"

சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. "வாற வெள்ளைக்காரர் உங்கட பாதையில நடக்கவே வாறாங்கள்? பட்டத்தைப் பிடிச்சுக்கொண்டு கடல்ல சறுக்கத்தான்."

"கடலுக்குப் பறந்தோ போவினம்? பாதையாலதான் இறங்க வேணும்."

வைத்துவிட்டார். அம்மா குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "அவன் அனுப்பிற காசிலதான் எனக்கு மருந்து. அவனிட்டயே நீ கணக்குப் பாக்கிறியோ?"

அறைக்குள் வந்துவிட்டேன். அண்ணாவிடம் கட்டணம் வாங்காமல் விட்டால் இந்த ஊரில் வேறு யாரிடம் போய்க் கேட்பேன்? அழுகை வந்தது. அழுதேன்.

ஆனி 22, ஞாயிறு

அம்மா இன்னும் பேசவில்லை. சாப்பாடு மட்டும் போடுகிறார், சத்தமாக.

ஆனி 26, வியாழன்

சபைக் கூட்டம். மண்டபம் நிறையச் சனம். வரைவை நான் விளங்கப்படுத்தி முடித்ததும் காணி வாங்கி விற்கும் முதலாளி ஒருவர் எழும்பினார். "உங்கட அண்ணரும் விடுதி கட்டுறாராம். அவருக்கும் இதுதானோ, இல்லாட்டி வீட்டுக்கு வேற சட்டமோ?"

ஒலிவாங்கியைக் கிட்ட இழுத்தேன். "அவருக்கும் இதுதான். எட்டு அறைக்கும்."

பின்வரிசையில் ஒரு பெண் கை தட்டினாள், அவளோடு இன்னும் சிலர். உறுப்பினர்கள் கை உயர்த்தினார்கள், இரண்டு பேரைத் தவிர எல்லோரும். நிறைவேறியது. இனி மேலிடத்து அனுமதி வர வேண்டும். வரும். இன்றைக்கு என்னை நினைக்க எனக்கே பெருமை.

ஆனி 28, சனி

அம்மா சந்தையிலிருந்து வந்து மீன் பையை வைத்தார். விளைமீன்.

"மீன் வெட்டுறவள் கேட்டாள், உங்கட மகளோ கூட்டத்தில கதைச்சது எண்டு."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஓம் எண்டன். பேந்தென்ன சொல்லுறது?"

தலை எனக்கு. அண்ணா ஊரில் இருந்த காலத்தில் குழம்பில் மீன் தலை அவருக்குத்தான் போகும்.

ஆவணி 23, சனி

காற்று குறையவில்லை. மேலிடத்து அனுமதி போன கிழமை வந்தது. முதலில் காசு கட்டியது அண்ணா. வாட்ஸ்அப்பில் குரல்: "கட்டிப்போட்டன். சந்தோசமோ?" சந்தோசம்தான் என்று அனுப்பினேன். ஒரு கழுதைப் படம் பதிலாக வந்தது. கோபம் ஆறிவிட்டது.

இன்று பாதையின் முதல் துண்டுக்குக் கட்டை அடித்துக் கயிறு கட்டினோம். பின்னேரம் அம்மாவைக் கூட்டிப்போனேன். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார்.

"இதில கொண்ணன்ர காசு எந்தத் துண்டு?"

"இதில இருந்து, அந்தப் பனை வரைக்கும்."

கயிற்றைப் பிடித்தபடி நடந்தார். லொறி இல்லை, ஹோர்ன் இல்லை. பனையடியில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"இவ்வளவு தூரம் காணாது. இன்னும் ரெண்டு அறை கட்டச் சொல்லு."