இடது பக்கத்துக்கு உன் கை

மாப்ள,

இன்று காலை மரக்காணத்திலிருந்து மீன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வந்து, திண்டிவனம் மார்க்கெட்டுக்காக இடது பக்கம் திரும்பும்போது வேன் மறுபடியும் அந்தச் சத்தத்தைப் போட்டது. பின்பக்க இண்டிகேட்டர் பல்பு எரியாவிட்டால் உள்ளே டிக்டிக்டிக் என்று அவசர அவசரமாக அடித்துக்கொள்ளுமே, அதுதான். பழக்கதோஷத்தில் உன் சீட்டைப் பார்த்தேன். என் துண்டும் தண்ணீர் பாட்டிலும் கிடந்தன. பின்னால் பைக்கில் வந்தவர் இடது பக்கம் நுழைந்து, கடைசி நொடியில் பிரேக் பிடித்து, என் பரம்பரையையே இழுத்துத் திட்டிவிட்டுப் போனார். அவர் திட்டியதில் ஒரு தப்பும் இல்லை.

நீ இருந்தவரை அந்தப் பல்பு நமக்கு ஒரு பிரச்சினையே இல்லை. அது போன அன்றைக்கே ஜன்னலுக்கு வெளியே இடது கையை நீட்டி, கதவில் இரண்டு தட்டு தட்டி, "போ மச்சான், நான் பாத்துக்கினு இருக்கேன்" என்றாய். நான் பல்பு வாங்க ஓரம் கட்டும்போதெல்லாம், "என் வேலைய ஒரு பல்புக்குத் தூக்கிக் குடுக்காத மச்சான், நாலு பேரு என்னப் பாத்துதான் ஒதுங்கறான்" என்பாய். திண்டிவனத்தில் கொஞ்சம் பெட்டிகளை இறக்கிவிட்டு, மிச்சத்தோடு விழுப்புரம் போய்ச் சேரும்வரை கை வெளியேதான். எதிரே வருகிற தெரிந்தவர்களுக்குச் சலாம் வைப்பதும் அதே கைதான். நாம் திரும்பப்போகிறோம் என்று நினைத்துப் பின்னால் வந்தவர்கள் வேகத்தைக் குறைத்ததும் உண்டு. என் தங்கச்சியைக் கட்டுவதற்கு முன்பிருந்தே நீ என் கூட்டாளி. உன் பேச்சை நான் எப்போது தட்டியிருக்கிறேன்?

பிறகு அந்தக் கை வலித்தது. முதல் நாள் தோள்பட்டை என்றாய். மறுநாள் முழங்கை வரைக்கும் இழுக்கிறது என்றாய். நான் சிரித்தேன் மாப்ள. அதை நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. "நாள் முழுக்க காத்துல நீட்டிக்கினு வந்தா வலிக்காம என்னா பண்ணும்?" என்றேன். நீயும் "சிக்னல் கையாச்சே" என்று சேர்ந்து சிரித்தாய். டீக்கடை ஓரத்தில் வண்டியை நிறுத்தி நானே தைலம் தேய்த்துவிட்டேன். இடது கை வலித்தால் நெஞ்சைப் பார்க்க வேண்டும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். நமக்கும் தெரியும். ஆனால் நம்மிடம்தான் வேறொரு காரணம் தயாராக இருந்ததே. "தங்கச்சிகிட்ட சொல்லிடாத, சும்மா பயந்துக்கினு கெடப்பா" என்றாய். நான் சொல்லவில்லை.

நான்காம் நாள், விழுப்புரத்துக்குக் கொஞ்சம் முன்னால் உனக்கு வேர்த்துக் கொட்டியது. மீன் பெட்டிகளோடு அப்படியே ஆஸ்பத்திரிக்கு விட்டேன். வாசலில் இடது பக்கம் திரும்பும்போது, கண்ணை மூடிக்கொண்டே நீ கையைத் தூக்கப் பார்த்தாய். ஜன்னல் விளிம்பு வரைதான் வந்தது. அதன் பிறகு நான் செய்ய ஒன்றுமே இல்லை. வராந்தாவில் நின்றேன், அவ்வளவுதான்.

காரியம் முடிந்த அன்று தங்கச்சி கேட்டாள். "முன்னாடியே உங்கிட்ட எதுனா சொன்னாராண்ணா?" ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அந்தப் பொய்யோடுதான் இத்தனை மாதமாக இந்த வண்டியை ஓட்டுகிறேன்.

இன்று மதியம் பல்பு வாங்கிக்கொண்டு நேராக உன் வீட்டு வாசலில் வந்து நிறுத்தினேன். விளக்கின் மூடிக்கு இரண்டே ஸ்க்ரூ. பழைய பல்பை உள்ளே அமுக்கி இடது பக்கம் திருப்பினால் கழன்று வர வேண்டும். மீன் பெட்டியிலிருந்து வடிந்த உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டுப் பச்சைக் களிம்பு பிடித்து இறுகிக் கிடந்தது. விரலுக்கு மசியவில்லை. தங்கச்சி ஒரு பழைய துணி கொண்டுவந்து கொடுத்தாள். அதைச் சுற்றித் திருப்பியதில் கண்ணாடி நொறுங்கியது. மிச்சத்தைக் குறடால் திருகி எடுத்து, ஹோல்டரைச் சுரண்டி, புதுப் பல்பை மாட்டினேன். இத்தனைக்கும் அரை மணி நேரம்கூட ஆகவில்லை மாப்ள.

நான் உள்ளே ஏறி இண்டிகேட்டரைப் போட்டேன். பின்னால் நின்ற தங்கச்சி, "எரியுதுண்ணா" என்றாள். டிக், டிக் என்று நிதானமாக அடித்தது. அவள் உன் பக்கத்து ஜன்னலுக்கு வந்து, "இத்தினி நாளா ஏண்ணா மாத்தாமலே வெச்சிருந்த?" என்று கேட்டாள்.

"அவன் கை இருந்துச்சும்மா" என்றேன். இப்போதாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"கை வலிக்குதுன்னு எங்கிட்ட சொன்னாருண்ணா. சிக்னல் காட்டறதாலதான்னாரு. நானும் எண்ண தேச்சி உட்டுட்டு சும்மா இருந்துட்டேன். அண்ணங்கிட்ட சொல்லிடாத, பல்ப மாத்திடுவான்னாரு."

காரியத்தன்று அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "எங்கிட்டயும் சொன்னாம்மா" என்றேன். நீ தட்டுகிற இடத்தில் கதவைப் பிடித்துக்கொண்டு அவள் அழுதாள். இண்டிகேட்டர் பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தது. அதை அணைக்க வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

நாளைக் காலை மார்க்கெட் திருப்பத்தில் பல்பு தன் வேலையைச் சரியாகச் செய்யும். நான் அப்போதும் உன் சீட்டைத்தான் பார்ப்பேன், கதவில் அந்த இரண்டு தட்டு விழாமல் ஸ்டீயரிங்கைத் திருப்ப எனக்குக் கை வராது. அதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை மாப்ள.