பேரரசியின் மடியில் இரண்டு குழந்தைகள்

அன்புள்ள கிரெஸ்டேவுக்கு,

நீயும் நம் மகள் டொனாட்டாவும் நலமென்றால் நானும் நலம். அவளுக்குக் காய்ச்சல் இறங்கியதா? காய்ச்சல் என்று எழுதினாய், அதன்பிறகு உன்னிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை.

இங்கே ரோமில், நாணயச் சாலையில், எல்லாம் வழக்கம்போலத்தான். பேரரசி மடியில் இரண்டு குழந்தைகளோடு அமர்ந்திருப்பதுபோல் வெள்ளிக்காசுக்கு அச்சு வெட்டியிருந்தேன். நேற்று அரண்மனையில் இளைய குழந்தை இறந்துவிட்டது. உடனே மேற்பார்வையாளர் ருஃபியோ வந்து நின்றார்.

"அதுல ஒண்ண எடுத்துருடா."

"இரும்புல வெட்டுன பள்ளத்த எப்படிண்ணே அடைக்கிறது?"

"அப்ப புதுசா வெட்டு. மடியில ஒண்ணு கொறையுது, அவ்வளவுதானே! அந்தம்மா மூஞ்சில மட்டும் கவலை தெரியக் கூடாது, பாத்துக்க."

இன்று ஒற்றைக் குழந்தையோடு வெட்டி முடித்தேன். வழக்கத்தைவிட நேரம் பிடித்தது. குளிர்தான் காரணம், நீ வேறெதுவும் நினைத்துக்கொள்ளாதே.

கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்பு. கூடவே டொனாட்டாவின் உயரத்துக்கு ஒரு நூலை அளந்து வைத்து அனுப்பு. இங்கே சுவரில் கட்டித் தொங்கவிட்டுக்கொள்வேன். கடிதம் கொண்டுவரும் கழுதைக்காரர் வாசலில் கத்துகிறார், முடிக்கிறேன்.

அவள் படுத்திருக்கும்போது அளக்காதே, கிரெஸ்டே. எழுந்து நிற்கச் சொல்லி அள.

உன்
தலாமஸ்