நாலாவது சஹனில் யார்?

என் உயிரே, மைமூன் அக்கா,

பஜார் ரோட்டு மாடியறையில் நம் டியூஷன் இன்னும் நடக்கிறது. கீழே சுக்குக் குடோன், மேலே பிள்ளைகளின் கூச்சல். நீ மவுத்தாகி எங்களை விட்டுப் போன பிறகு மூடிவிடத்தான் நினைத்தேன். பிள்ளைகள் விடவில்லை. பூட்டிய கதவுக்கு வெளியே படியில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

உன் பென்சில் டப்பாவும் அப்படியே இருக்கிறது. கதைக்கணக்கு என்றால் முதலில் எல்லாப் பென்சிலையும் பிடுங்கி அதில் போட்டு மூடிவிடுவாயே! "எண்ணு ஒண்ணும் சொல்லாம கதையச் சொல்லுங்க. யாரு? என்ன நடந்துச்சு? கடைசியில நம்மகிட்ட என்ன கேக்குறாங்க?" சொன்னவருக்குத்தான் பென்சில்.

கண்ணில் பட்ட எண்ணையெல்லாம் கூட்டித் தள்ளுகிற கூட்டமல்லவா அது. ஐந்து மணிப் படகில் இருபது பேர் ஏறினார்கள், வைப்பின் படகுத்துறையில் எட்டுப் பேர் இறங்கினார்கள், மீதி எத்தனை பேர் என்று கேட்டதற்கு அசீம் முப்பத்துமூன்று என்றான். நீ திட்டவில்லை. "அந்த அஞ்சு மணி எந்த சீட்டுலடா உக்காந்துச்சு?" என்றாய். அவனே விழுந்து விழுந்து சிரித்தான். இப்போது புதிதாக வரும் பிள்ளைகளிடம் அவன்தான் அதைக் கேட்கிறான்.

உன் மகளை நினைத்துத்தான் பயந்துபோயிருந்தேன், அக்கா. நஸ்ரின் கூட்டல், கழித்தல் எல்லாம் மளமளவென்று போடுவாள். கதைக்கணக்கு வந்தால் மட்டும் வாயே திறக்கமாட்டாள். "கதை வேணாம் சின்னம்மா, நம்பர் மட்டும் தாங்க" என்பாள். கதை என்றாலே அவளுக்கு உன் குரல். அதற்கு நான் எங்கே போவேன்? பள்ளிக்கூடத்திலும் அந்த இடங்களை எழுதாமலே விட்டாள். டீச்சர் கூப்பிட்டுச் சொன்னதை மச்சான் தலையைக் குனிந்து கேட்டுவிட்டு வந்தார். அதட்டிப் பார்த்தேன், மிட்டாய் கொடுத்துப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

போன வாரம் நானே ஒரு கணக்குச் சொன்னேன். கல்யாண வீட்டில் பதினாலு பேர் சாப்பிட வந்தார்கள். ஒரு சஹனைச் சுற்றி நாலு பேர் வரை உட்காரலாம். எத்தனை சஹன் வேண்டும்? ஒரே பெரிய தட்டில் சேர்ந்து சாப்பிடுவதை நம் பிள்ளைகளுக்கு விளக்கவா வேண்டும்?

"மூணு. மிச்சம் ரெண்டு" என்றான் ஒருவன்.

"அந்த ரெண்டு பேரும் பட்டினியா?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"அப்ப நாலு சஹன், டீச்சரே. கடைசியில ரெண்டு பேரு மட்டும் இருப்பாங்க" என்றான் அசீம். சரியான விடைதான். அவனுக்குப் பென்சில் எடுக்கப் போனேன்.

அப்போது நஸ்ரின் பேசினாள். "கூடாது. ரெண்டு பேரை மட்டும் தனியா உக்கார வெக்கக் கூடாது."

எனக்குச் சுரீர் என்றது. உன் வீட்டில் இப்போது அவளும் மச்சானும் மட்டும்தானே சாப்பிடுகிறார்கள்.

"அப்ப என்ன செய்யலாம், தங்கம்?" என்று கேட்டேன்.

விரலை மடக்கி மடக்கி யோசித்தாள். "நாலு சஹன்தான் வேணும். ஆனா பக்கத்து ரெண்டு சஹன்ல இருந்து ஒவ்வொருத்தர் எந்திரிச்சு அங்க போயிரணும். அப்ப அங்க நாலு பேரு ஆயிரும். அந்த ரெண்டுலயும் மும்மூணு பேரு இருப்பாங்க. யாரும் தனியா இல்ல."

பதினாலும் சரியாக வந்தது. டப்பாவைத் திறந்து முதல் பென்சிலை அவள் கையில் கொடுத்தேன். அழக்கூடாது என்று நினைத்தும் அழுதுவிட்டேன்.

இது உன் கைவேலை, அக்கா. எண்ணை விட்டுவிட்டு ஆளைப் பார் என்று நீ சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளை அவள். இத்தனை நாள் பக்கத்துத் தெருவிலேயே இருந்தும் அந்த ரெண்டு பேர் என் கண்ணில் படவில்லையே! உனக்கு எப்படி நன்றி சொல்வேன்?

அன்று மாலையே என் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு சோற்றுச் சட்டியோடு உன் வீட்டுக்குப் போனேன். மச்சான் சாயா போட எழுந்தார். "சாயா அப்புறம் ஆகட்டும், சஹனை எடுங்க" என்றேன். பரணில் இருந்த உன் கல்யாணச் சஹனைக் கழுவி, நாலு பேரும் சுற்றி உட்கார்ந்தோம். நஸ்ரின் ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். நீ பார்த்தாயா?

கதை சொல்லாமல் இங்கே யாருக்கும் பென்சில் கிடைக்காது. உன் வீட்டில் ரெண்டு பேர் மட்டும் உட்கார்ந்து சாப்பிட இனி நான் விடமாட்டேன். இது என் வாக்கு.

பக்கத்துச் சஹனிலிருந்து எழுந்து வந்த
உன் தங்கை