மூன்றாவது பெடல்

அன்புள்ள அண்ணே,

உங்கள் முகத்தில் விழிக்க வெட்கமாக இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் பழைய மோரிஸ் காடிக்கு மின்மோட்டார் தேர்ந்தெடுத்த அன்று, கியரே தேவைப்படாத மோட்டாரைத்தான் பட்டறைக்காரர் முதலில் காட்டினார். "கியர் மாத்தி ஓட்டுனாத்தான்லா அது மோரிஸ்" என்று சொல்லி, பழைய கியர்பெட்டியும் கிளட்ச்சும் அப்படியே இருக்கட்டும் என்றது நான்தான்.

கரங்கான் கோயிலில் பூசை முடிந்ததும் சாவியை உங்களிடம் நீட்டினேன். நீங்கள் கிளட்ச் பெடலைப் பார்த்தீர்கள். முட்டிக்குக் கீழே மடித்து ஊசி குத்தியிருந்த சிலுவாரின் வெற்று இடது காலைத் தடவிக்கொண்டே, "நீயே ஓட்டு தம்பி" என்றீர்கள்.

ஓட்டினேன். மோட்டாருக்குச் சத்தமில்லை. எலுமிச்சம்பழம் நசுங்கியது மட்டும் கேட்டது.

கியர்பெட்டியையும் கிளட்ச்சையும் கழற்றிவிட்டேன். இனி இரண்டு பெடல்தான். வாருங்கள் என்று கூப்பிடத்தான் வாய் வரவில்லை. அண்ணனுக்காகச் செய்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு, என் கால்களுக்கல்லவா அளவெடுத்திருக்கிறேன்.

தலைகுனிந்து,
உங்கள் தம்பி