கடல் கொண்டோர் அணி

லெஸ்டர்
03.09.2024

அன்பு மச்சான் றிப்னாஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வீட்டில் எல்லாரும் சுகம்தானே? மாமிக்கு முதலில் என் ஸலாமைச் சொல்.

இந்தப் பெட்டி இன்னும் கடைக்குக்கூடப் போகவில்லை. மேசையில் பொம்மைகளை வைத்து ஆடும் எங்கள் கொம்பனியின் போர் விளையாட்டில் இரண்டு புதிய அணிகளைச் சேர்த்திருக்கிறோம். ஒன்று உப்பளக் காவலர், மற்றது கடல் கொண்டோர். கடல் கொண்டோரை வெட்டி வீழ்த்தினாலும் அடுத்த சுற்றில் எழும்பி வருவார்கள். விதிகளில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடிக்க உன்னை விட்டால் ஆளில்லை. போன பெட்டிக்கு ஒற்றை வரியில் பதில் போட்டாய், சோம்பேறி. இம்முறையாவது விரிவாக எழுது.

கடல் கொண்டோரின் தலைவனை நானே செதுக்கினேன். பார்த்ததும் யாரென்று உனக்குத் தெரியும். மரியாதையாக நினைத்துத்தான் செய்தேன்.

உன்
றுமைஸ்

பள்ளிவாசல்துறை
24.09.2024

றுமைஸ்,

வஅலைக்குமுஸ்ஸலாம். பெட்டி இன்று கிடைத்தது.

பெட்டி வந்தால் உம்மா பொம்மைகளை மேசையில் பரப்புவார், நான் அட்டைகளைச் சத்தமாக வாசிப்பேன். இன்றும் அப்படித்தான். பெருவிரல் அளவுப் பொம்மை, கிழிந்த இடது காது, பக்கவாட்டில் முடிந்த தலைத்துண்டு. "அல்லாஹ், இது உங்கட வாப்பாதானே" என்று உம்மா சிரித்தார். மூன்று வருடமாக நான் காணாத சிரிப்பு. எந்த அணி என்று கேட்டார். மடையன் நான், யோசிக்காமல் வாசித்துவிட்டேன்: கடலில் மூழ்கி இறந்தவர்களின் தலைவன்.

கடலுக்குப் போன வாப்பாவின் படகும் கிடைக்கவில்லை, மையித்தும் கிடைக்கவில்லை. மௌலவி இரண்டு முறை எடுத்துச் சொல்லியும் உம்மா கைம்பெண்ணுக்குரிய இத்தா இருக்க மறுத்துவிட்டார். உயிரோடிருக்கும் புருஷனுக்காக நாலு மாதம் பத்து நாள் வெள்ளை உடுத்து அறைக்குள் இருப்பதா என்று கேட்டவர் அவர். இன்னும் வாப்பாவுக்குச் சோறு மூடி வைக்கிறார்.

பொம்மையைக் கையில் வைத்தபடியே கேட்டார்: "றுமைஸும் அவர் மௌத்தாப் போய்ட்டார் என்டா நினைக்கிறான்? நீயும் அப்படித்தானா மகன்?"

உனக்கு எப்படி மனம் வந்தது?

றிப்னாஸ்

லெஸ்டர்
08.10.2024

மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மாமி இன்னும் காத்திருக்கிறார் என்று நீ ஒரு வரிகூட எழுதவில்லையே. அந்தப் பொம்மையை நிறுத்தச் சொல்லிவிட்டேன். அடுத்த மாதமே வருகிறேன். என் உம்மா போன பிறகு என்னை வளர்த்தவர் மாமி. அவர் முன்னால் இருந்து மன்னிப்புக் கேட்கவேண்டும்.

றுமைஸ்

பள்ளிவாசல்துறை
25.10.2024

அன்பு றுமைஸ்,

எழுதாமல் விட்டது என் பிழை. கோபம் இறங்கிவிட்டது. ஆனால் இப்போது வராதே.

பெட்டி வந்த மறுநாள் விடிய சுபஹ் தொழுதுவிட்டு உம்மா அலுமாரியிலிருந்து வெள்ளைச் சேலையை எடுத்தார். "ஊருக்கே தெரிஞ்சிருக்கு. நான்தான் கடைசி" என்றார். அவர் அழவில்லை, நான்தான் அழுதேன். அன்றே இத்தாவில் இருந்துவிட்டார்.

நீ வந்தால் உன்னைப் பார்ப்பாரா என்று கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். "இத்தாவில அந்நிய ஆம்புளயப் பார்க்க ஏலா. அவன் அந்நிய ஆம்புள" என்றார்.

இருபத்தைந்து வருடத்தில் உன்னை அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அப்படியானால் பெப்ரவரியில் இத்தா முடிந்த பிறகு வரச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

உம்மா உள்ளிருந்து தாழ்ப்பாள் போடும் சத்தம்தான் கேட்டது.

றிப்னாஸ்